மரகதம் அக்காவுக்கு ஒரு பெயர்

என் அருமை மரகதம் அக்காவுக்கு,

உனக்கு எழுத்தும் தெரியாது, பிறந்ததிலிருந்து காதும் கேட்காது. பிறகு யாருக்கு இந்தக் கடிதம் என்று ஊரார் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். உன்னிடம் கையால்தான் பேசுவேன். அந்தக் கையைப் பார்க்க நீ இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முந்தாநாள் உனக்கு முதல் வருஷப் படையல். ஆலங்குடியிலிருந்து பெரியத்தை வந்திருந்தது. கருவாட்டுக் குழம்பும் அவித்த கடலையும் இலையில் வைத்தோம். சூடம் காட்டும்போது, "நல்லாச் சத்தமாப் பேரச் சொல்லிக் கூப்புடுங்கப்பா, அப்பத்தான் வருவா" என்றது அத்தை.

"அத்தே, அதுக்குத்தான் காதே கேக்காதே?"

"செத்த பெறகுமா கேக்காது? கூப்புடுடா!"

எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினோம். உயிரோடு இருந்தவரை நீ ஒரு தடவைகூடக் கேட்காத பெயர்! எனக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பாய். உன்னைப் போலவே காது கேட்காத மச்சான் மட்டும் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நம் வீட்டுக் கைப்பேச்சில் எல்லோருக்கும் பெயர் உண்டு. எனக்குக் காதுமடலைக் கிள்ளுவது. காது குத்திய அன்று நான் அலறியதைக் கண்ணால் பார்த்து நீ வைத்தது. உனக்குத்தான் பெயரே இல்லை. எப்போதும் பக்கத்தில் இருந்தாய், விரலை நீட்டினால் போதும். நீ போன பிறகு மச்சானிடம் உன் பேச்சை எடுக்க வழி தெரியவில்லை. படத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முழுசாகப் பேச அவருக்கு இருந்தது நீ ஒருத்திதான். இந்த வருஷம் முழுக்க அந்த மனுஷன் உன்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அக்கா. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன், அவரிடம் உன்னைச் சொல்ல ஒரு சொல் இல்லை.

படையல் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, மச்சான் என் தோளைத் தட்டினார். இடது மணிக்கட்டை இரண்டு விரலால் மெதுவாகத் தேய்த்தார். எனக்கு விளங்கவில்லை. மறுபடி தேய்த்துவிட்டு, குழம்பில் உப்பு தூக்கல், திட்டியிருப்பாள் என்று கையால் சொன்னார். அப்போதுதான் புரிந்தது, அந்த மணிக்கட்டு நீதான்.

ஏன் மணிக்கட்டு? வளையலா? பழைய காயமா? கல்யாணத்தன்று ஏதாவது நடந்ததா? கேட்டேன். சிரித்துவிட்டு, சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினார். நீ அவரை என்னவென்று கூப்பிட்டாய்? உன் பேச்செல்லாம் எனக்கு அத்துப்படி என்றுதானே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

இன்று காலை கடலைக் கொல்லையில் நானே மணிக்கட்டைத் தேய்த்துக் காட்டினேன். மச்சான் மோட்டாரை நிறுத்திவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை அவர் கை ஓயவில்லை. பாதிதான் எனக்குப் புரிந்தது. நடுவில் அழுதார், நானும் அழுதேன்.

அந்தப் பெயருக்கு அர்த்தம் இனி கேட்க மாட்டேன், அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். ஆனால் உன்னைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் அவரை விடமாட்டேன். புரியாத பாதிக்கும் சேர்த்து நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், அக்கா.

என்றும் உன் கூடப்பிறந்தவன்,
தம்பி