எட்டு மணிக்கு ஃபோனை எடு

வெர்லின்,

நீ எழுந்திருக்கும்போது நான் பள்ளி பஸ் ஓட்டப் போயிருப்பேன். சூப் ஃபிரிட்ஜில் இருக்கிறது. நான் உப்புப் போடவில்லை, நீயும் போடாதே.

நேற்று எனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, வியாழக்கிழமை சிகிச்சை வேண்டாம் என்றிருக்கிறாய். நாற்பத்தொரு வருடம் உனக்குப் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இதை நர்ஸ் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

டாக்டர் ஹால்வர்சன் பேசியபோது நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் எழுதுகிறேன். "நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணினா இவரோட கிட்னி தாங்காது. இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சு எலும்பு மாதிரி இறுகிக் கிடக்கு. மெல்லிசா ஒரு குழாயை உள்ள விட்டு, அதைத் தேய்ச்சுப் பொடியாக்கிட்டு ஸ்டென்ட் வைக்கிறேன். இதுலயும் ஆபத்து இருக்கு. சும்மா விட்டா அதைவிட ஆபத்து" என்றார். நீ கேட்ட ஒரே கேள்வி, "மீன் பிடிக்க எப்பப் போகலாம்?"

வியாழக்கிழமை உனக்கு ஒதுக்கிய இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சி வைத்திருக்கிறேன். எட்டு மணிக்கு நர்ஸ் கூப்பிடுவாள். நான் சரி சொன்னால் செல்லாதாம், நீயேதான் சொல்ல வேண்டும்.

வாசலில் குவிந்திருக்கும் பனியில் கை வைக்காதே. பக்கத்து வீட்டு டுவெயின் வந்து அள்ளுவார்.

மார்லிஸ்

பி.கு. பயமாக இருந்தால் பயம் என்று சொல்லித் தொலை. எனக்கும் பயம்தான்.

இன்னொன்று. சரி என்று சொன்னதும் பள்ளி பஸ் ஆபீசுக்கு ஃபோன் செய். என் பஸ்ஸிலிருக்கும் வயர்லெஸ் ரேடியோவில் எனக்குச் சொல்வார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்டால் கேட்கட்டும்.