துவக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது, மச்சான்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

மையவாடிக்குப் போய், உங்களை அடக்கிய இடத்தில் ஸலாம் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். அங்கே நின்றபோது சொல்ல நினைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்து முதுமையடைந்தவனுக்கு எழுதினால்தான் வரும் போலிருக்கிறது. ஆகவே வழக்கம்போல முதலில் பட்டியல்.

1. நீங்கள் என்னைக் கொண்டு சீமைக்கு எழுதிக் கேட்ட புத்தகம், இத்தனை காலம் பிந்தி, வந்துவிட்டது.
2. பழைய புத்தகங்கள் மூன்றினதும் இன்றைய நிலை.
3. உங்கள் ஒல்லாந்தர் துவக்கைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த கடிதம், புத்தகத்தின்படி நேர்மையாக எழுதப்பட்டது.
4. ராத்தாவின் சுகம்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். நம்மை அறியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இறக்காமத்துப் பக்கம் ஏக்கர் கணக்கில் வயல் செய்த போடியார். என் ராத்தாவின், கூடப்பிறந்த அக்காவின், மாப்பிள்ளை. மற்றப் போடிமார் மாடு சேர்த்தார்கள், நீங்கள் பழைய துவக்குச் சேர்த்தீர்கள், ஏழு துப்பாக்கிகள். ஏழில் ஆறு வெறும் இரும்பு. ஒன்றுக்குக் கட்டை இல்லை, ஒன்றுக்கு விசை இல்லை. ஏழாவதுதான் உங்கள் மூத்தவாப்பா வழியில், பாட்டன் சொத்தாக, வந்தது. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், இலங்கையை ஆண்ட காலத்துத் தீக்கல் துவக்கு என்று அவர் சொன்னதாகச் சொல்வீர்கள். அதற்கு அத்தாட்சி தேடித்தான் அந்தப் பாரமான இங்கிலீசுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வரவழைத்தீர்கள். பழைய துவக்குச் சேர்ப்பவர்கள் கையில் வைத்துப் பார்க்கும் புத்தகங்கள் அவை. எந்தக் கொல்லன் எந்த ஊரில் எந்தக் குறியைக் குழாயில் அடித்தான் என்று பக்கம் பக்கமாகப் படம் இருக்கும்.

உங்களுக்கு இங்கிலீசு வராது, எனக்குத் துவக்கு வராது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு நான் வாசிப்பேன், நீங்கள் கேட்பீர்கள். குறியின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் படியெடுத்து, அந்தத் தாளைப் படங்களின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். என் ஆயுளில் நான் யாருக்கும் பயப்படாமல் இருந்த நேரங்கள் அவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு பெருநாளைக்குப் பிறகு அந்தத் துவக்கைக் கையில் எடுத்தவுடன் நீங்கள் சத்தம் போட்டது நினைவிருக்கிறதா?

“என்ன புள்ள இது, குழாய் பித்தளைச் சட்டி மாதிரி மின்னுது!”

“பெருநாளைக்கு எல்லாச் சாமானையும் புளியும் மண்ணும் போட்டுத் தேய்ச்சன். அதையும் தேய்ச்சன்,” என்றார் ராத்தா. “தூசியோட கிடந்தா வாற ஆக்கள் என்ன செல்லுவாங்க?”

“இருநூறு வருசத்து ஊத்தை அது. அதுக்குத்தான் பெறுமதி.”

“அப்ப ஒங்களையும் குளிக்க விடாம வச்சிருந்தா நல்ல விலைக்குப் போயிருப்பீங்க.”

சிரித்தோம். அந்தத் தேய்ப்பு இப்படி வந்து முடியும் என்று யாருக்குத் தெரியும்?

சண்டை தொடங்கி நாடு கெட்டுப்போன அந்த வருடம், துவக்குகளை எல்லாம் பொலிஸ் ஸ்டேசனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அங்கிருந்த அதிகாரி நல்லவர். உண்மையிலேயே ஆதிகாலத்துச் சாமான் என்று விபரம் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று உங்களிடம் சொன்னார். நீங்கள் நேரே என்னிடம் வந்தீர்கள்.

“மச்சான், ஒங்கட கையெழுத்தோட ஒரு துண்டு போதும்.”

“பாத்துத்தான் எழுதணும், மச்சான்.”

“பாருங்களன். நீங்க பாக்காம ஒண்டும் எழுத மாட்டீங்க எண்டு எனக்குத் தெரியாதா?”

நம் புத்தகத்தில் அந்தக் குறிக்கு இரண்டு படங்கள் இருந்தன. மூன்று இதழ்ப் பூ, அடியில் ஒரு புள்ளி: அது ஒல்லாந்தர் காலத்துக் கொல்லனுடையது. அதே பூ, புள்ளி இல்லை: அது பிற்காலத்தில் விற்பனைக்கென்று அதைப் பார்த்துச் செய்த போலி. துவக்கையும் புத்தகத்தையும் மூன்று நாள் என் வீட்டில் வைத்திருந்தேன். பிறகு, பூ உண்டு, புள்ளி இல்லை, ஆகவே இது பிற்காலச் சாமான் என்று எழுதிக் கொண்டுவந்து, உரசிய தாளோடு உங்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

நீங்கள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். “புள்ளி இல்லையா?”

“தேஞ்சி போயிருக்கும் போல, மச்சான். தெரியல்ல.”

கதவடியில் நின்ற ராத்தா, “அல்லாஹ்வே, நான்தானே தேய்ச்சன்,” என்றார். நான் தாளை மடித்துக் கடிதத்தோடு சேர்த்து வைத்தேன்.

துவக்கை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். மற்றவற்றோடு அதுவும் லொறியில் ஏறியது. எங்கே போனது என்று பிறகு யாருக்கும் தெரியாது. அடுத்த கிழமை தேத்தண்ணிக் கடையில் ஒருவன் எழும்பி நின்று, “போடியார், ஒல்லாந்தன் ஒங்கட துவக்கக் கல்முனைச் சந்தையிலயா வாங்கினான்?” என்று கேட்டான். கடை முழுக்கச் சிரித்தது. நீங்கள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். நான் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். என் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் புத்தகத்தைத் திறக்கவில்லை. கடைசி நோய் வருத்தத்தில் படுத்திருந்தபோது ஒரே ஒரு தரம் கேட்டீர்கள். “மச்சான், அந்தப் பக்கத்த இன்னொருக்காப் பாத்தீங்களா?”

“ஓம், பாத்தன். அதேதான்,” என்றேன். நான் பார்க்கவில்லை.

பட்டியலுக்கு வருகிறேன். புத்தகப் பொதியைக் கடந்த கிழமை தபாற்கந்தோரில் பிரித்துப் பார்த்துத்தான் தந்தார்கள். “துவக்குப் புத்தகமா? இந்த வயசில எங்க, ஹாஜியார், வேட்டைக்குப் போகப்போறீங்க?” என்று அங்கிருந்தவர் கேட்டார். சிரிக்க முயன்றேன். புத்தகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பழைய புத்தகங்கள் மூன்றில் இரண்டைக் கறையான் தின்றுவிட்டது. மூன்றாவதற்கு மண்ணிறத் தாள் உறை போட்டு, ‘நெற்செய்கை’ என்று வெளியே எழுதி வைத்திருக்கிறேன். யாராவது வந்து தேடினால் என்ற பயம்தான்.

புதிய புத்தகத்தில் உங்கள் துவக்கு ஒரு முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. விசைக்கு எதிர்ப்பக்கத் தகட்டில் மூன்று திருகாணி இருந்தால் பழையது, இரண்டென்றால் பார்த்துச் செய்தது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் துவக்கை அளந்து நான் எழுதி வைத்த கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மூன்று. உங்கள் மூத்தவாப்பா சொன்னது சரி. இதை இனி யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்? எந்த லொறியின் பின்னால் ஓடுவேன்?

ராத்தாவின் சுகம் நான்காவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் போனதிலிருந்து வீட்டில் ஒரு பித்தளைச் சாமானையும் அவர் புளி போட்டுத் தேய்ப்பதில்லை. இந்தப் பெருநாளைக்கும் எல்லாம் கறுத்துப்போய்த்தான் இருந்தன. மருமகள் தேய்க்கப் போனபோது தடுத்துவிட்டார். “இந்தக் கையாலதான் அவரு வெக்கப்பட்டாரு. இனி இந்த வீட்டில ஒண்டையும் தேய்க்க ஒண்ணா,” என்றார். நான் அங்கேதான் இருந்தேன். தலையைக் குனிந்து வட்டிலப்பம் சாப்பிட்டேன்.

மச்சான், இதுவரை எழுதியதைத் திரும்ப வாசித்தேன். பட்டியலில் மூன்றாவதாக எழுதியது பிழை.

புள்ளி இருந்தது. முதல் நாளே பூதக்கண்ணாடியில் கண்டேன். ராத்தாவின் புளி அதை ஒன்றும் செய்யவில்லை. உரசிய தாளிலும் அது விழுந்திருந்தது, மங்கலாக, ஆனால் யாருக்கும் தெரியும்படி. நாளைக்கு யாராவது வந்து அந்தத் துவக்கைப் பறித்துக்கொண்டு போய் எதையாவது செய்தால், வைத்திருக்கச் சொல்லி எழுதியவன் யார் என்று என் கையெழுத்தைத்தானே பார்ப்பார்கள்? மூன்று நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அழிரப்பரை எடுத்துத் தாளிலிருந்த புள்ளியை அழித்தேன். அதன் பிறகுதான் கடிதத்தை எழுதினேன்.

இதை அச்சுக்கு அனுப்புமுன் ராத்தாவின் முன்னால் இருந்து, ஒரு வரியும் விடாமல் வாசித்துக் காட்டுவேன். என்னை உள்ளே எடுக்காவிட்டால் வாசலில் நின்று வாசிப்பேன். அதற்குப் பிறகு எனக்குத் தம்பி என்ற முறை அந்த வீட்டில் இருக்காது என்று நினைக்கிறேன். அதனால் இன்றைக்கு, கடைசியாக ஒருமுறை,

உங்கள் மனைவியின் கூடப்பிறந்த தம்பி