மீன்வளப் பட்டமும் சனிக்கிழமை வகுப்பும்

அனுப்புநர்:
மரிவிக் டுமலாகன்,
ஆங்கில ஆசிரியை (அனுமதி முடிந்தவர்),
பான் நொங் சிம் தொடக்கப்பள்ளி.

பெறுநர்:
திரு. அனுவத் பிம்மசேன் அவர்கள்,
ஆசிரியர் உரிமப் பிரிவு அலுவலர்,
மாகாணக் கல்வி அலுவலகம்.

பொருள்: கற்பித்தல் அனுமதியை நீட்டித்துத் தரவோ, முடியாதென்று எழுதித் தரவோ வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் முன்பு கொடுத்த மனுக்கள் தங்கள் மேசையில்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் தங்கள் அலுவலகத்தில் ஐஸ் போட்ட தண்ணீர் கொடுத்து, சிரித்த முகத்தோடு, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அனுப்பினார்கள். இந்த ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே நேரில் வராமல் எழுதுகிறேன்.

1. நான் பிலிப்பைன்ஸின் இலோஇலோவில் மீன்வளம் படித்துப் பட்டம் வாங்கியவள். அது கல்வியியல் பட்டம் அல்ல என்பதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. எந்தப் பட்டமானாலும் வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதி தரலாம் என்ற விதியின்படிதான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த அனுமதியை இத்தனை தடவைக்கு மேல் தரக்கூடாது என்றும் ஒரு விதி உண்டாம். எனக்கு அது மே மாதத் தொடக்கத்திலேயே தீர்ந்துபோனது. ஆக, இத்தனை வருடம் பாடம் நடத்தியதே இப்போது என் குறையாகிவிட்டது.

2. என் இடத்துக்கு ஹாலந்து நாட்டு இளைஞர் ஒருவர் வந்தார். புவியியல் படித்தவர். வகுப்பறையில் அதுவரை நின்றதே இல்லை. புதியவர் என்பதால் அனுமதி உடனே கிடைத்தது. நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். மதியம் சாப்பாட்டுத் தட்டோடு, பள்ளி என்னை மாற்றிவைத்த நூலகத்துக்கு வந்து, நாளைக்கு என்ன நடத்தலாம் என்று என்னைக் கேட்பார், எழுதிக் கொடுப்பேன். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. தீவுப் பக்கம் போய்விட்டதாகச் செய்தி வந்தது. இப்போது ஆங்கில வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் பள்ளி முற்றத்தைப் பெருக்குகிறார்கள். நான் நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன்.

3. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிடலாம் என்று நகரத்துக் கல்லூரிக்குப் போனேன். பள்ளியில் பாடம் நடத்த அனுமதி உள்ளவர்களையே சேர்ப்போம் என்றார்கள். தங்கள் அலுவலகத்திலோ, பட்டயம் இருந்தால்தான் அனுமதி என்கிறார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். சிரிப்புக்குரிய விஷயம், எனக்குத்தான் சிரிக்கத் தெம்பில்லை.

4. கடந்த வியாழனன்று ஆசிரியர் வணக்க நாள். மேடையில் உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும் நாற்காலி. நான் சமையல்கார சமோன் அக்காவோடு பப்பாளிக்காய் சீவிக்கொண்டிருந்தேன். வெளியே பிள்ளைகள் வணக்கப் பாட்டு பாடினார்கள். "நான் இன்னும் மிளகாயே இடிக்கல, அதுக்குள்ள ஏன் டீச்சர் கண்ணு கலங்குது?" என்றார் அவர். அடுத்த காயை எடுத்துச் சீவினேன்.

5. இனி எழுதப்போவதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கோருகிறேன். தங்கள் மகள் பைத்தோய், தங்கள் மனைவியார் கேட்டுக்கொண்டதால், இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் என் அறைக்கு வந்து ஆங்கிலம் படிக்கிறாள். ஆகஸ்டில் மாகாணப் பேச்சுப்போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். நேற்று முன்தினம், ஆசிரியர் வணக்கத்துக்கென வாழையிலையில் செய்த பூத்தட்டோடு வந்து, வாசலில் மண்டியிட்டு, அதை என் கையில் கொடுத்துக் கும்பிட்டாள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "அப்பாதான் மடிச்சுக் குடுத்தாரு டீச்சர், அவருக்குச் சரியா வரல" என்றாள்.

தாங்கள் இறங்காமல் காரிலேயே இருந்தீர்கள். கண்ணாடியை இறக்கி, "உரிம விஷயம் என் கையில இல்லைங்க டீச்சர். போட்டி முடியிற வரைக்கும் பாப்பாவை விட்டுடாதீங்க" என்றீர்கள். நான் வழக்கம்போல் சரி என்று தலையாட்டினேன். கார் போன பிறகுதான் கோபம் வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு கோபம் வருமென்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை இல்லை என்று சொல்லப்பட்ட நான், தங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி ஆசிரியை ஆனேன் ஐயா?

6. எனவே, பயிற்சிப் பட்டயம் முடிக்கும்வரை எனக்கு அனுமதி நீட்டித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலாதெனில், இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். என் விசா இந்த மாதக் கடைசியில் முடிகிறது. மூட்டை கட்டவாவது நேரம் வேண்டும்.

7. தங்கள் பதில் முடியாது என்பதானால், அன்றோடு சனிக்கிழமை வகுப்பும் நின்றுவிடும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். பைத்தோய் எதையும் ஏன் என்று கேட்கிற பிள்ளை. அவள் என் வாசலுக்கு வந்து நிற்பதற்கு முன், நான் டீச்சர் இல்லை என்பதைத் தாங்களே அவளிடம் சொல்லிவிட வேண்டுகிறேன்.

எந்தப் பதிலானாலும் பெற்றுக்கொள்ளும்,
மரிவிக் டுமலாகன்
(கையொப்பம்)

இடம்: பான் நொங் சிம்
தேதி: 17 ஜூன், பௌத்த ஆண்டு 2567