நீ சொல்லச் சொன்ன ஒரு சொல்

இன்று காலை தாதி உன் நாற்காலியைத் துடைக்கும்போது, மெத்தை இடுக்கிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. “அங்கிள், உங்களோடதா?” என்று நீட்டினாள். பிரித்தால் திருநீறு. நீ போய் நாலு மாதம் ஆகிறது. இந்த டயாலிசிஸ் நிலையத்தில் எத்தனை பேர் அதில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள், அது என் கைக்குத்தான் வந்து தொலைய வேண்டுமா?

வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எனக்குத்தான் முதலில் ஊசி ஏற்றுவார்கள். ஒரு கையில் ரெண்டு ஊசி, மறு கையில் பிரஷர் பட்டை. அந்த நேரம் பார்த்து நீ வருவாய். பள்ளிக் கேண்டீனில் சமைத்த வாசம் சேலையில் இருக்கும். எடை பார்த்த கையோடு நேரே வந்து என் நெற்றியில் திருநீறு பூசிவிடுவாய்.

“இது அநியாயம்மா. கட்டிப் போட்டவன் நெத்தியில பூசுற.”

“பூசினா கரைஞ்சா போயிருவீங்க? சும்மா இருங்கண்ணே.”

நான் முப்பது வருடம் கிள்ளானில் லோரி ஓட்டியவன். மற்ற டிரைவர்கள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது நான் குனிந்து பிரேக்கைப் பார்ப்பேன். எனக்குச் சாமி இல்லை, இன்றைக்கும் இல்லை. “அப்ப பயம் வந்தா யாரைக் கூப்புடுவீங்க?” என்று ஒரு நாள் கேட்டாய். “மெக்கானிக்கை” என்றேன். நீ குலுங்கிச் சிரித்ததில் கை அசைந்து உன் இயந்திரம் கத்த, தாதி வந்து ரெண்டு பேரையும் திட்டினாள்.

அந்த வியாழக்கிழமையும் இயந்திரம் கத்தியது. நீ சிரிக்கவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. பிரஷர் இறங்குது, இறங்குது என்று தாதிகள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு இடையில் நீ என் பக்கம் தலையைத் திருப்பினாய்.

“அண்ணே, எனக்காக ஒரு வாட்டி முருகான்னு சொல்லுங்கண்ணே.”

வாயைத் திறந்தேன். வரவில்லை. வீம்பு இல்லையம்மா, சத்தியமாக வீம்பு இல்லை. நம்பாத வாயால் சொன்னால் அது பொய்யாகிவிடுமே, இந்த நேரத்தில் போய் உன்னிடம் பொய் சொல்வதா என்று ஒரு நொடி யோசித்துவிட்டேன். அந்த ஒரு நொடியில் திரையை இழுத்துவிட்டார்கள். எழுந்து வர முடியாது, என் ரத்தம் பாதி இயந்திரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. “இருக்கேன்மா, இங்கதான் இருக்கேன்” என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். உனக்குக் கேட்டதா என்று தெரியாது. ஆம்புலன்ஸில் போகும் வழியிலேயே நீ இறந்துவிட்டாய் என்று சொன்னபோதும் எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. அங்கேயே படுத்துக்கொண்டு அழுதேன்.

“சொல்லியிருக்கலாம்லப்பா, என்ன குறைஞ்சிருக்கும்?” என்றாள் என் மகள். அவளிடம் கோபப்பட்டேன். மறுநாள் யாருக்கும் தெரியாமல் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். நீ வெள்ளிக்கிழமை தவறாமல் போகும் கோயிலில், எல்லாருக்கும் பின்னால் நின்றேன். சொல்லிப் பார்த்தேன். உதடுதான் அசைந்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். ஊசி ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக எல்லாரையும் நினைக்கிறேன். மூலையில் இருக்கும் சீனப் பெரியவருக்கு இன்றைக்குக் கால் இழுக்கக் கூடாது. கதவோரத்து மலாய்க்கார அக்காவுக்கு பிரஷர் இறங்கக் கூடாது. புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்கு ஊசி ஒரே தடவையில் ஏற வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? தெரியாது. கேட்க அங்கே யாரும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டு முடிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் அகலமாகிறது.

கடைசியில் உன் பெயர் வரும். உனக்கு எதைக் கேட்பது? காலும் இழுக்காது, பிரஷரும் இறங்காது. பெயரை மட்டும் சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடக்கிறேன்.