திறப்பு அவளிடம் இருக்கட்டும்

ஜூலை 5, சனி

கச்சான் காற்று. காலையிலேயே முற்றத்து மண் சுடுகிறது. காயப்போட்ட உடுப்பு முழுக்கப் புழுதி. திரும்பவும் கழுவ வேண்டும். மருந்து வாங்கவில்லை. வெங்காயமும் முடிந்துவிட்டது.

யூசுப் ஹாஜியாரின் மகள் நஸ்ரின் வந்து போனாள். கம்பசில் மூன்றாம் வருடம், இன்னும் ஒரு வருடம் மிச்சம். பள்ளிக்கூட வேலைக்கு மேலே ஊருக்குத் தரகும் பேசுகிறேனே, அப்படிக் கலியாணம் பேசுவதற்காகப் போன மாதம் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அவளுடைய படத்தை அனுப்பினேன். “பாத்துட்டு அழிச்சிடுங்க” என்று சொல்லித்தான் எல்லாருக்கும் அனுப்புவது. அவர்களும் அழித்துத்தான் இருப்பார்கள். அதற்கு முதல் மாப்பிள்ளையின் உம்மா தன் தங்கைக்கு அனுப்பியிருக்கிறா. தங்கை கட்டாரில் இருக்கும் மகனுக்கு. அவன் தன் அறைக்காரர்களுக்கு. எப்படியோ நம்பரையும் பிடித்து, இப்போது முகம் தெரியாத பொடியன்மார் எல்லாம் அவளுக்குக் கோல் எடுக்கிறார்கள்.

“மாமி, எண்ட படம் இப்ப எத்தின பேர்ட்ட இரிக்கி?”

பள்ளிக்கூடத்தில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிற டீச்சராம் நான். ஊருக்கு உபதேசம்.

ஹாஜியார் பயந்துபோய் நிற்கிறார். ஊர் வாய் திறப்பதற்குள் யாருக்காவது கட்டிக் கொடுத்துவிட வேண்டுமாம். படிப்பு பிறகு பார்க்கலாமாம். “வாப்பா என்னட்ட ஒண்டும் கேக்கல்ல மாமி.” அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

படம் என்பது அமானிதம். நம்பித் தந்த பொருள். அதைத் தெருவில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இனி இப்படி நடக்க விடமாட்டேன். விடவே மாட்டேன்.

நஸ்ரினை இனி ந. என்றே எழுத வேண்டும். இந்த நாட்குறிப்புக் கொப்பிக்கும் பூட்டுக் கிடையாது.

ஜூலை 6, ஞாயிறு

இருந்து கணக்கெடுத்தேன். எது எங்கே கிடக்கிறது என்று.

லெப்டொப்: ஊர்ப் பிள்ளைகளின் படம், பிறந்த திகதி, படிப்பு, வாப்பாவின் தொழில், வீட்டுப் படம். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டுமே, மாப்பிள்ளை வீட்டார் முதலில் வீட்டைத்தான் பெருப்பித்துப் பார்ப்பார்கள். மேலே தட்டுப் போடலாமா, தரைக்கு மாபிள் பதித்திருக்கா. பெண்ணின் முகம் பிறகு.

கடவுச்சொல்: மூத்த மகளின் பெயரும் பிறந்த வருடமும். எழுதவே வெட்கம்.

விண்டோஸ்: கடையில் போட்டுத் தந்த களவுக் கொப்பி. அப்டேட் நின்று எவ்வளவு காலமோ.

ஃபோன்: படமெல்லாம் தானாகவே இணையத்தில் ஏறிப் போய்ச் சேர்கிறது. யார் விட்டது? நான்தான். எப்போதோ “சரி” என்று அமத்தியிருக்கிறேன்.

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுவது முடிவு. எந்த லினக்ஸ்? அஸர் தொழுகைக்குப் பிறகு முழுக்க அதுதான் வாசிப்பு.

கியூப்ஸ். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அறை, ஓர் அறையில் கள்ளன் வந்தாலும் மற்ற அறைக்குப் போக முடியாது. அருமை. என் லெப்டொப்பில் போட்டால் அதற்கு நெஞ்சு வெடித்துவிடும்.

டெயில்ஸ். பென்டிரைவில் ஓடும், மூடியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஓடி ஒளிகிறவர்களுக்கு நல்லது. எனக்கு மறக்கிற சாமான் வேண்டாம், வாய் மூடி இருக்கிற சாமான் வேண்டும்.

மின்ட். பழைய மிஷினிலும் ஓடும். போடும்போதே டிஸ்க் முழுவதையும் பூட்டலாம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் உண்டு. இதுதான்.

இவர் சவளக்கடை வயலுக்குத் தண்ணி திருப்பப் போகிற அவசரத்திலும் எட்டிப் பார்த்தார். “என்னகா, மறுகாவும் சோதின எழுதப் போறியா?” சோற்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்து நிறுவத் தொடங்கினேன். கரண்ட் போகாமல் இருக்க அல்லாஹ்விடம் துஆ. எல்லாம் முடிந்தது, அழகாகத் திறந்தது, மகள் கூடக் கைதட்டினாள். பிறகுதான் பார்க்கிறேன், டிஸ்க்கைப் பூட்டும் இடத்தில் சரி போடவே இல்லை. வீட்டைக் கட்டி முடித்துவிட்டுக் கதவு வைக்க மறந்தவள் நான். இவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும்.

திரும்பவும் முதலில் இருந்து. இந்த முறை பூட்டோடு. வைஃபை பிடிக்கவில்லை, ஃபோனை வயரில் கொழுவி இணையம் எடுத்து அதையும் சரிப்படுத்தினேன்.

புதுக் கடவுச்சொல்: ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள், வரிசையாக. பிள்ளைகள் பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை. மனனம். எங்கேயும் எழுதவில்லை. இங்கேயும்தான்.

ஜூலை 10, வியாழன்

செய்தி அனுப்ப எது? டீச்சர்மார் அறையில் கேட்டால், “வாட்ஸ்அப் இரிக்கிதானே, அதுல என்ன குற?” குறை பூட்டில் இல்லை. பூட்டு உண்டு. படம் வந்ததும் கேலரிக்குள் போய்க் குந்திக்கொள்கிறது, ஒரு தட்டில் பத்துப் பேருக்குப் போகிறது. யார் யாரோடு எப்போது கதைத்தது என்ற விபரமும் கம்பெனியிடம்.

டெலிகிராம்: சாதாரணமாகக் கதைத்தால் முழுப் பூட்டு இல்லை, ரகசியக் கதையென்று தனியாகத் தொடங்க வேண்டும். எந்த உம்மாவுக்கு அது ஞாபகம் இருக்கப் போகிறது.

பிரையர்: இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் பகல் தூக்கம்.

சிக்னல்: எண் கேட்கும், ஆனால் எண்ணை மறைத்து ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். செய்தி தானாக மறையும். பாவிப்பது வாட்ஸ்அப் மாதிரியே. சரி, சிக்னல்.

ஒரு தரம் பார்த்தால் மறையும் படமும் உண்டு. பரீட்சித்துப் பார்த்தோம். என் படத்தை இவருக்கு அனுப்பினேன். திறந்தார், பார்த்தார், மறைந்தது. நான் பெருமையோடு நிற்க, மகளின் ஃபோனைத் தூக்கிக் காட்டுகிறார். அந்த ஃபோனால் தன் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறார் மனிசன்!

“எந்த அப் போட்டாலும் கை ரெண்டு இரிக்கிதானே.”

கோபம்தான் வந்தது. ஆனால் சொன்னது சரி. ஆகவே முடிவு: சிக்னல் கதைக்க மட்டும். படம் எவருக்கும் அனுப்புவதில்லை. பார்க்க வேண்டுமா, என் வீட்டுக்கு வாருங்கள், ஃபோனை வாசல் மேசையில் வையுங்கள், இணையம் நிற்பாட்டிய லெப்டொப்பில் பாருங்கள், போங்கள்.

ஜூலை 12, சனி

ந.வும் ஹாஜியாரும் வந்தார்கள். அவளுடைய உம்மாவிடம் பட்டன் ஃபோன், பிரச்சினை இல்லை. ஹாஜியாரின் ஃபோனில் இருந்த அவள் படம் எல்லாவற்றையும் அவரே அழிக்கச் சொன்னார். குப்பைத் தொட்டி, இணையத்தில் ஏறிப் போனது, எல்லாம் துடைத்தோம். என் ஃபோனிலும் அப்படியே. இனி ஒரே ஒரு பிரதி, என் லெப்டொப்பில். அதற்கு ஒரு நகல், பூட்டிய பென்டிரைவில்.

மனதில் வேறு ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. டிஸ்க்கின் திறப்பு, அந்தக் கடவுச்சொல், என் தலைக்குள். நாளைக்கு ஒரு பெரிய மனிதர் வந்து மேலே மேலே கேட்டால் திறந்து காட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நானும் ஒரு ஓட்டைதான்.

அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பெட்டி. வேராகிரிப்ட் என்ற மென்பொருளில் செய்தேன்; படம் அதற்குள் மட்டும், பென்டிரைவிலும் இனி அந்தப் பெட்டிதான். பெட்டியின் கடவுச்சொல் அந்தப் பிள்ளையிடம் மட்டும். பார்க்க ஆள் வந்தால் சிக்னலில் அவளைக் கூப்பிட்டு யார், எந்த ஊர் என்று சொல்வேன். சரியென்றால் சொல்லைச் சொல்வாள், பிறகு வந்து அதை மாற்றிவிடுவாள்.

முதல் பெட்டி ந.வுக்கு. “சத்தமா செல்லிடாத புள்ள” என்றுவிட்டு நான் சுவரைப் பார்த்து நின்றேன். தட்டுகிற சத்தம் நெடுநேரம். பிறகு மூடித் திறந்து பார்த்தாள், மூன்று தரம், ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை.

“மறந்தா முடிஞ்சி மகள். எனக்கும் திறக்க ஏலா, செஞ்சவனுக்கும் திறக்க ஏலா.”

“மறக்க மாட்டன் மாமி.”

ஹாஜியார் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, “நல்ல பாதுகாப்பு” என்றார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கியதா தெரியாது. எனக்கே அப்போது முழுக்க விளங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

விளங்கிவிட்டது. ஊருக்கும்.

மருதமுனையில் இருந்து ஒரு பிள்ளையின் உம்மா, ஒரு ராத்தா, வந்து கதவடியில் நின்றே கத்தினா. “எங்கட புள்ளைட படத்தப் பாக்க எங்கட புள்ளைட்டயா உத்தரவு கேக்கணும்? அவளுக்கு என்ன தெரியும்?”

“அவட முகம் ராத்தா அது.”

தன் மகளின் விபரத்தை எடுத்துக்கொண்டு நிந்தவூரில் வேறொரு தரகு பேசுகிறவவிடம் போய்விட்டா. இன்னும் மூன்று வீடு போகும் போல. ஆனால் பின்னேரம் இரண்டு பிள்ளைகள் தாங்களாகவே வந்து பெட்டி போட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்தி போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவர்: “நீ கலியாணம் செஞ்சி வைக்கப் போறியா, இல்ல கலியாணத்த நிப்பாட்டப் போறியா?”

“கேட்டுச் செய்யப் போறன்.”

தலையைச் சொறிந்துகொண்டு போனார். இந்த முறையை மாற்றப் போவதில்லை. ஒருத்தரும் வராவிட்டாலும் பரவாயில்லை, பள்ளிக்கூடச் சம்பளம் இருக்கிறது.

நாளை: 10ஆம் வகுப்புக் கொப்பி திருத்த வேண்டும். கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 19, சனி

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இன்றையதை எழுதி வைக்க வேண்டும்.

காலை பத்து மணி போல ஹாஜியார் வந்தார், கூடவே சம்மாந்துறையில் இருந்து மாப்பிள்ளையின் உம்மா. மகனுக்கு இரும்புக் கடை, அடுத்த மாதமே கலியாணம் வேண்டுமாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணுக்குக் குறை, அதனால் முதலில் படம். முறைதான். ஃபோனை மேசையில் வைத்தா. லெப்டொப்பைத் திறந்தேன். ந.வைச் சிக்னலில் எடுத்தேன். ஹாஜியார், “லவுட்ல போடுங்க டீச்சர்” என்றார்.

விபரம் சொன்னேன். யார், எந்த ஊர், என்ன தொழில், எப்போது கலியாணம். வாப்பாவும் பக்கத்தில் இருக்கிறார் என்றும் சொன்னேன். மறைக்கக் கூடாதுதானே.

“திறக்கவா மகள்?”

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.

“மாமி… பாஸ்வேர்ட் மறந்து போய்ட்டு.”

நான் ஹாஜியாரைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு இல்லை. அந்த ராத்தா, “வேற திறப்பு இல்லையா?” என்றா.

“இல்ல ராத்தா. எனக்கும் ஏலா.”

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். இப்போது வெடிக்கும் என்று நினைத்தேன். அவர் அந்த ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

“குற நினைக்காதீங்க ராத்தா, மிஷின்ல என்னமோ பிழ. புதுசா லினக்ஸாம், ஒழுங்கா வேல செய்யிதில்ல போல.”

என் லினக்ஸ்! இரண்டு தரம் போட்டு, பிள்ளை மாதிரிப் பார்த்த லினக்ஸ்! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஓம் ராத்தா,” என்றேன். “சரியான கரச்சல் புடிச்ச சாமான்.”

தங்கள் ஊரில் ஒரு பொடியன் இருக்கிறான், அவனிடம் கொடுத்தால் பூட்டை உடைத்துத் தருவான் என்றா அந்த ராத்தா. ஏலாது என்றேன். முகம் சுருங்கிப் போய்க் கார் ஏறினா. பின்னேரத்துக்குள் சம்மாந்துறை வரைக்கும் என் மிஷின் மானம் போகும். போகட்டும்.

ஹாஜியார் போகவில்லை. கதிரையில் இருந்தபடியே.

“அவ மறக்கல்ல, என்ன டீச்சர்?”

“மறக்கிற புள்ளையா ஹாஜியார்?”

“வாணாம் எண்டு நேரா செல்லியிருக்கலாமே எனக்கிட்ட.”

மரியாதை பார்த்து வாய் மூடியிருக்கலாம். முடியவில்லை. “கேட்டாத்தானே செல்லுறதுக்கு” என்றேன்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் ஃபோனைக் காட்டி, “அந்த சிக்னலாலயே எடுத்துத் தாங்க, அதுதானே பாதுகாப்பு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். கேற்றடிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“மகள்… வாப்பாதான். ஏசல்ல, ஏசல்ல. நீ செல்லு, நான் கேட்டுட்டு இரிக்கன்.”

மிச்சம் எனக்குக் கேட்க வேண்டியதில்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.