நெய்னா வாங்கி விற்ற சீன வண்டி

அக்டோபர் 14, 2007 – ஞாயிறு

நோன்புப் பெருநாள் நேற்றோடு முடிந்தது. மிச்சமிருந்த பிரியாணியை மூன்றாவது வேளையாகச் சாப்பிட்டுக்கொண்டே நெய்னா சொன்னார், "ஒரு பிக்கப் வாங்கப் போறேன்."

என் புருஷனுக்கு ஐம்பத்திரண்டு வயது. எண்ணெய்க் கம்பெனியில் இருபது வருட இன்ஜினியர். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கார். பிக்கப்பில் எதை ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எட்டு வீட்டு குர்பானிக் கறிய யாரு சுமக்குறது? போன வருஷம் உன் கார் டிக்கி ஒரு மாசம் நாறுச்சே, மறந்துட்டியா?"

வருடத்தில் ஒரு நாள் கறி சுமக்க ஒரு வண்டி. ஆபீஸ் பார்க்கிங்கில் எல்லோரும் உயரமான பிக்கப்பிலிருந்து குதித்து இறங்குகிறார்கள், இவர் மட்டும் காரிலிருந்து குனிந்து எழுந்து வருகிறார். விஷயம் அதுதான். சொன்னால் சண்டை. சொல்லவில்லை.

சீனாவில் செய்ததாம். இங்கத்திய பிக்கப் விலையில் மூன்றில் ஒரு பங்குதானாம். ரோஸன்பர்க் பக்கம் கந்தசாமி என்பவர் இறக்குமதி செய்து விற்கிறார். பரமக்குடிக்காரர். இவருக்குக் கீழக்கரை, அதே ஜில்லா. அதோடு இவருடைய விசாரணை முடிந்துவிட்டது.

அக்டோபர் 20 – சனி

வாங்கியாகிவிட்டது.

நானும் போயிருந்தேன். கந்தசாமி தெர்மோகோல் கப்பில் டீ கொடுத்தார். பரமக்குடி பஸ் ஸ்டாண்டைப் பற்றி அரை மணி நேரம். வண்டியைப் பற்றி ஐந்து நிமிடம். நெய்னா பானட்டைத் திறந்து, தலையாட்டி, மூடினார்.

"நம்பர் பிளேட்டு?" என்று நான்தான் கேட்டேன்.

"அடுத்த மாசம் வந்துரும் சிஸ்டர். ஆஸ்டின் கவர்மென்ட் ஆபீஸ்ல பேப்பர் மூவ் ஆயிட்டு இருக்கு. நம்ம ஊர்க்காரர்கிட்ட நான் பொய் சொல்வேனா?"

பேப்பரைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். நெய்னா என்னைப் பார்த்த பார்வை – மனிதர் முன்னால் மானத்தை வாங்குகிறாயே என்பது போல. கம்பெனிக்கு ஒரு வால்வு வாங்க நாற்பது பக்கம் படிக்கிற ஆள். இங்கே இரண்டு பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை.

வண்டிக்குள் ரப்பர் செருப்புக் கடையின் நாற்றம். கண் எரிந்தது. வீடு வரும்வரை கண்ணாடியை இறக்கிவைத்திருந்தேன். பிறகு அது ஏறவில்லை.

அக்டோபர் 23

என் பக்கத்துக் கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. "புது வண்டின்னா கொஞ்சம் அப்டித்தான் இருக்கும்," என்கிறார். புது வண்டியா?

நவம்பர் 2 – வெள்ளி

ஜும்ஆ தொழுதுவிட்டு வரும்போது இவரை ஹைவே 6-இல் போலீஸ் நிறுத்திவிட்டது. வண்டி அறுபதைத் தாண்டாது என்பது அப்போதுதான் இவருக்கே தெரிந்ததாம், பின்னால் ஹாரன் மேல் ஹாரன். போலீஸ்காரர் கதவைத் திறக்கச் சொல்லி, கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டியிருக்கிறார். பண்ணைக்கு மட்டும், பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்று தெளிவான ஆங்கிலத்தில். கையெழுத்துப் போட்ட இரண்டாம் பக்கத்திலும் அதே வாசகம்.

எங்கள் மகள் நிதா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். பதினேழு வயது, யாருக்கும் பயமில்லை. "வாப்பா, இட்ஸ் லிட்ரலி ரிட்டன் ஆன் த டோர்."

கந்தசாமிக்கு ஃபோன். ஸ்பீக்கரில் போட்டார், நான் கேட்கட்டும் என்றா, துணைக்கா, தெரியவில்லை.

"சார், ரோட்ல ஓட்டலாம்னு நான் எப்ப சொன்னேன்? பேப்பர் வரட்டும்னுதானே சொன்னேன்!"

சீனாக்காரன் உண்மையைக் கதவிலேயே எழுதி அனுப்பியிருக்கிறான். இங்கே ஒருவன் அதை மறைத்தான், இன்னொருவர் அதைப் படிக்கவில்லை. ஒருவன் கூசாமல் பேசுகிறான், இன்னொருவர் அவனிடம் "சரி சார், பாத்துச் சொல்லுங்க சார்" என்கிறார்.

நவம்பர் 17

காலனி அசோசியேஷனிலிருந்து கடிதம். வீட்டு முன்னால் ஓடாத வண்டி நிறுத்தக் கூடாதாம், முப்பது நாள் கெடு. நெய்னா அதன் மேல் நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடியிருக்கிறார். வாசலில் பிணத்தைக் கிடத்தினது போல இருக்கிறது.

டிசம்பர் 20 – வியாழன்

ஹஜ்ஜுப் பெருநாள். குர்பானிக்கு வழக்கமான பண்ணை, எல் காம்போவில். கோபாலசாமி, தாராபுரத்துக்காரர், ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர். ஆடு வளர்த்து நம் ஆட்களுக்கு விற்கிறார். நாங்கள் நாலு வருடமாக அங்கேதான்.

நெய்னா ஆட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணினார். கண், காது, நடை. குறையுள்ள ஆடு ஆகாது, சரி. அந்த அக்கறையில் கால் பங்கை அந்த வண்டியிடம் காட்டியிருந்தால்! ஒரு ஆட்டைப் பிடித்தபோது கோபாலசாமி ஓடி வந்தார்.

"அது வேண்டாமுங்க. கொம்பு அடியில விரிசல் விட்டிருக்குது, முடி மறைச்சிருக்குதுங்க. உங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியுமுங்களே. வேற பாருங்கோ."

அவர் சொல்லாவிட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கறி பாலிதீனில் சுற்றி என் கார் டிக்கியில்தான் வந்தது. கிளம்பும்போது கோபாலசாமி, பண்ணைக்குள் தீவனம் கொண்டுபோகச் சின்ன வண்டி தேடுவதாகச் சொன்னார். நெய்னாவின் முகம் இரண்டு மாதத்தில் முதல் முறையாக மலர்ந்தது. பண்ணைக்கு என்று செய்த வண்டி பண்ணைக்கே போகிறது, நல்லதுதான் என்று எனக்கும் தோன்றியது.

டிசம்பர் 29 – சனி

தோன்றியதோடு விட்டிருக்கலாம்.

விற்பதற்காக நெய்னா வண்டியைக் கழுவினார். கீழே ஏதோ ஒழுகுகிறது, பார் என்று கூப்பிட்டார். குனிந்தேன். ஒழுகல் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டியரிங் பெட்டியை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் இரும்புத் தகட்டின் வெல்டிங்கைப் பார்த்துவிட்டேன். எச்சில் துப்பி ஒட்டினது போல. இருபத்தைந்து வருடமாக நான் சம்பளம் வாங்குவது வெல்டிங்கில் விரிசல் தேடுவதற்கு. கண் தானாகப் போகிறது.

நான் வேலை செய்யும் லேபிலிருந்து இரண்டு டப்பா கொண்டுவந்தேன். சிவப்புச் சாயத்தை அடித்து, பத்து நிமிடம் விட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பவுடரை அடித்தால் போதும். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெளியே கசியும். கசிந்தது. என் சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு. அந்த வெல்டிங் விட்டுப்போனால் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம், சக்கரம் திரும்பாது.

நெய்னாவைக் குனிந்து பார்க்கவைத்தேன். பார்த்தார்.

"பண்ணைக்குள்ளதானே ஓட்டப் போறாரு. இருபது மைல் ஸ்பீடு," என்றார்.

ஜனவரி 5, 2008

யாரோ ஒரு மெக்கானிக்கை வரவழைத்து விரிசலின் மேலேயே ஒரு வெல்டிங், அதன் மேல் கறுப்புப் பெயின்ட். விரிசலைத் தோண்டி எடுக்காமல் மேலே பூசினால் முன்னைவிட மோசம். இதை எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாகச் சொன்னேன்.

"ரிப்பேர் பண்ணியாச்சுல்ல? அப்பறம் என்ன?"

"அவர்கிட்ட சொல்லிட்டு வில்லுங்க."

"சொன்னா எவன் வாங்குவான்?"

"அப்ப விக்காதீங்க."

"ரஹ்மத், உனக்கு எல்லாத்துலயும் ஓட்டைதான் தெரியும். வேலைய வீட்டுக்குக் கொண்டுவராத."

விற்கிற பொருளின் குறையை மறைக்கக் கூடாது – நிதாவுக்கு ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம். அந்த வருடம் வகுப்பெடுத்தவர் நெய்னா.

ஜனவரி 12

டிரெய்லரில் ஏற்றி அனுப்பியாயிற்று. கோபாலசாமி நேரில் வந்திருந்தார். எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். காபி போட்டேன், அவ்வளவுதான் செய்தேன்! அவர் என் எதிரில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியம் போதும். புருஷனை அடுத்தவர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாதாம். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 30

இன்று லேபில் இதைவிடச் சின்ன விரிசலுக்கு ஒரு முழுக் குழாயைத் தள்ளுபடி செய்து கையெழுத்திட்டேன். மேனேஜர் பாராட்டினார். ஊறுகாய் பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

பிப்ரவரி 16 – சனி

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எல் காம்போ போனேன்.

"ஏனுங்கம்மா, தனியா வந்திருக்கீங்க? சார் வரலீங்களா?" கோபாலசாமி மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனைவி எங்கே என்றேன். கையை நீட்டினார். குளத்துக் கரைமேல், ஒரு வண்டி அகலமே உள்ள பாதையில், தீவன மூட்டைகளோடு அந்த அம்மாள் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். தினமும் இரண்டு நடையாம். மோரைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாள் இறங்கி வரும் பக்கம் நடந்தேன்.

"இந்த ஸ்டேரிங்கு ஒரு பக்கமா இழுக்குதுங்க, நாலு நாளா சொல்றேன், இவரு காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சொன்னேன். நானே கீழே படுத்து விளக்கு அடித்துக் காட்டினேன். கறுப்புப் பெயின்ட் வெடித்து, கோடு இப்போது உள்ளங்கை அகலத்துக்கு நீண்டிருந்தது. கோபாலசாமி மனைவியைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார்.

"இது எப்பத் தெரியுமுங்க உங்களுக்கு?"

அதைத்தான் கேட்பார் என்று வழி முழுக்கத் தெரியும். பதிலும் தயாராக வைத்திருந்தேன், உண்மையான பதில்.

"போன வாரந்தான். பழைய ஃபோட்டோவப் பாத்தப்ப சந்தேகம் வந்துச்சு. அவர்தான் உடனே போய்ச் சொல்லிட்டு வான்னாரு."

வாயிலிருந்து வந்தது இதுதான். இவரைக் காப்பாற்றவா சொன்னேன்? என்னைக் காப்பாற்றிக்கொள்ள. எத்தனை நாளாகத் தெரியும் என்று அந்த அம்மாள் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சீ.

பிப்ரவரி 17

காலையில் கோபாலசாமி இவருக்கு ஃபோன் செய்து நன்றி சொன்னார். நான் சமையலறையில் நின்றேன்.

"ஆமா சார்… ஆமா. கடமைதானே சார்… இல்ல இல்ல, பணம் முழுசா அனுப்பிடுறேன்."

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்கே போனாய், என்ன சொன்னாய் – ஒரு கேள்வி வரவில்லை. செக் எழுதினார், தபாலில் போட்டார். பிற்பகல் அஸர் தொழுகையை எப்போதும் வீட்டில் தொழுபவர், இன்று பள்ளிவாசலுக்குப் போனார்.

மார்ச் 8

கோபாலசாமி வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம். பின்பெட்டியை மட்டும் வெட்டி, ஆடுகளுக்குத் தீவனத் தொட்டியாக வைத்திருக்கிறாராம். அந்த வண்டியில் உருப்பட்டது அதுதான்.

செப்டம்பர் 20 – சனி

புயல் போய் ஒரு வாரம். எங்கள் தெருவில் இன்னும் கரன்ட் இல்லை. பக்கத்து வீட்டு சிவராமகிருஷ்ணன் தன் ஜெனரேட்டரிலிருந்து எங்கள் ஃபிரிஜ்ஜுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார். நோன்பு திறக்க அவர் குடும்பத்தையும் கூப்பிட்டோம். தோட்டத்து கிரில்லில் கஞ்சி காய்ச்சினேன்.

ஜெனரேட்டர் சீனாவா என்று ஏதோ பேச்சு வந்தது. நெய்னா ஆரம்பித்தார். சீனப் பிக்கப் வாங்கியது, விற்றது, பிறகு கோளாறு "தெரியவந்தது".

"ராத்திரி தூக்கம் வரல சார். விடிஞ்சதும் இவள அனுப்பிட்டேன். பணமும் முழுசா திருப்பிட்டேன்."

"உங்கள மாதிரி இந்தக் காலத்துல யார் சார் இருக்கா!" என்றார் சிவராமகிருஷ்ணன்.

"மேல ஒருத்தன் பாத்துட்டு இருக்கான்ல."

என் கையில் கரண்டி. அந்தப் பொய்யை இவருக்குத் தைத்துக் கொடுத்தவளே நான்தான். இவர் அதைப் போட்டுக்கொண்டு நோன்பு திறக்கிற நேரத்தில் உலாவுகிறார், அளவும் கச்சிதம். சொல்லிச் சொல்லி நம்பவே ஆரம்பித்துவிட்டாரோ? இவர் கிண்ணத்தில் ஊற்றாமல் அடுத்தவரிடம் போனேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

டிசம்பர் 8 – திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். மறுபடி எல் காம்போ, என் கார், நிதா பின்சீட்டில்.

முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கோபாலசாமி எங்களைக் கண்டதும் நெய்னாவின் கையைப் பிடித்து எல்லோருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இவரப் பாத்துக்கோங்க. வித்த வண்டியில பழுதுன்னு தெரிஞ்சதும் வீட்டம்மாவ அனுப்பிச்சுச் சொன்ன மனுசனுங்க. அன்னைக்குச் சொல்லலீன்னா எம்பட வீட்டுக்காரி அந்தக் குளத்துலதான் கெடந்திருப்பா."

அவர் மனைவி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். யாரோ "மாஷா அல்லாஹ்" என்றார்கள். நெய்னா சிரிக்க முயன்றார், முடியவில்லை. சிவராமகிருஷ்ணனிடம் அத்தனை சரளமாக வந்த பேச்சில் ஒரு வார்த்தை வரவில்லை. வண்டியை விற்ற பிறகு அந்த அம்மாளை அவர் இன்றுதான் நேரில் பார்க்கிறார்.

திரும்பும்போது வார்ட்டன் ஊரைத் தாண்டியதும் நெய்னா சொன்னார்.

"அடுத்த வருஷம் வேற ஃபார்ம் பாத்துக்குவோம், ரஹ்மத். இது ரொம்ப தூரம்."

ஐந்து வருடமாக அதே தூரம்.

"இங்கதான் வருவோம்," என்றேன்.

"அவரு எல்லார் முன்னாடியும் சொல்றாரு."

"சொல்லட்டும். வருஷா வருஷம் சொல்லட்டும். ரெண்டு பேரும் நின்னு கேப்போம்."