இருவர் மட்டும் போகும் மலைப்பயணம்

புதுச்சேரி,
மார்கழித் திங்கட்கிழமை

அன்பு மகள் கார்குழலிக்கு,

நானும் உன் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம். லியோன் நகரில் உறைபனி கடுமை என்று செய்தியில் பார்த்தேன், நீ நலமா என்பதை உன் சொல்லாலேயே அறிய விரும்புகிறேன், ஏனெனில் ஏழு நாளாக நீ எங்கள் அழைப்பை எடுக்கவில்லை. தொலைபேசியில் நான் பேசினால் அது மேடைப்பேச்சாகிவிடுகிறது என்று நீ முன்பே குறை கூறியிருக்கிறாய், ஆகவே கையால் எழுதுகிறேன், உன் அம்மா இதைப் படமெடுத்துக் கைப்பேசியில் புலனம் வழியே அனுப்புவாள். எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் நிலப்படத்தை விரிக்கிறேன், விரித்தால் நீ வருவாயா என்ற எண்ணம் வந்து மீண்டும் உட்காருகிறேன். "ஒரு எடத்துல நில்லுங்களேன், பாக்கற எனக்கே தல சுத்துது" என்று உன் அம்மா அடுக்களையிலிருந்து கத்துகிறாள்.

நீ வகுத்த வழியில் நான் எதையும் மாற்றவில்லை. முதலில் முதுமலை, பிறகு உதகை, அங்கிருந்து வால்பாறை, முடிவில் இரவிகுளம். வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்களாம், எனவே தை பாதி கழிவதற்குள் அங்கே சேர்ந்துவிட வேண்டும். நீ காண ஏங்கும் இருவாச்சிப் பறவை வால்பாறைப் பக்கம் பழமரங்களுக்கு வருமென்று சொல்கிறார்கள், அதற்காக அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். தொலைநோக்கியை நீ கொண்டுவருவதாகச் சொன்னாய், கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காமல் உலர்ந்த துணியில் சுற்றி எடுத்துவா. உதகைக் குளிர் லியோனைப்போல் இராது என்று இளக்காரமாக எண்ணிக் கம்பளி உடையை விட்டுவிடாதே.

இனி, நீ சினந்த செய்திக்கு வருகிறேன். தவளக்குப்பத்தில் நம் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில், என் மகள் கடல் கடந்து வருகிறாள், மேற்கு மலையின் பறவைகளைக் காணப் புறப்படுகிறோம், தன் மண்ணின் பறவையை அறியாதவன் தன் மண்ணையே அறியாதவன், எழுந்து வாருங்கள் என்று முழங்கிவிட்டேன். மேடையில் நான் வாருங்கள் என்றால் போராட்டமாயினும் பொங்கல் விழாவாயினும் வந்து நிற்பவர்கள் நம் மன்றத்தார் என்பதை அந்த நேரத்தில் மறந்தேன். மறுநாளே மன்றச் செயலாளர் முருகையன் சிற்றுந்து ஒன்றைப் பேசி முடித்தார், என் படமும் ஒரு மயிலுமாகப் பதாகை அச்சடித்தார், கூரைமேல் கட்ட ஒலிபெருக்கிக்கும் சொல்லிவிட்டார். உன் அம்மா இதை உனக்குச் சொல்ல, "நான் உங்களப் பாக்கத்தான்பா வரேன், உங்க கூட்டத்தப் பாக்க இல்ல, அவங்க வந்தா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவேன்" என்று நீ குரல்பதிவு அனுப்பினாய். அதைப் பலமுறை கேட்டேன். முதலில் எனக்குச் சினம்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன், அவையில் கொடுத்த சொல்லை மீட்பது என் வாழ்வில் இல்லாத ஒன்று.

இந்நிலையில் பயிற்சிக்கென்று முருகையன் எல்லாரையும் ஊசுட்டேரிக்கு அழைத்துப் போனார். நீர் ஓரத்தில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக நின்றன. நான் சற்றே குரலுயர்த்தி அதோ பாருங்கள் என்று பெயரைச் சொன்னதுதான் தாமதம், நம்மவர்கள் கைதட்டிவிட்டார்கள். ஏரியே எழுந்து பறந்தது. ஏன் ஐயா தட்டினீர்கள் என்றேன். "நீங்க கொரல ஏத்துனா தட்டித்தான பழக்கம்" என்றார் முருகையன், குற்றமே இல்லாத முகத்தோடு. வீட்டில் சொன்னபோது உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், "இவங்களோட போனா முதுமலைப் பறவையெல்லாம் மைசூருக்குக் குடிபோயிடும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் பக்கத்தில் அமைதியாக நிற்க நீ அழைத்தாய், நான் ஒரு மாநாட்டைத் திரட்டியிருக்கிறேன் என்பது அந்தக் கரையில்தான் உறைத்தது.

நேற்று மாலை வீராம்பட்டினத்துக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, தவளக்குப்பத்தில் நான் விடுத்த அழைப்பைத் திரும்பப் பெறுகிறேன், என் மகள் என்னை மட்டுமே அழைத்தாள், அவளைக் கேளாமல் உங்களை அழைத்தது என் பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவ்வளவே என் பேச்சு. பின்வரிசையிலிருந்து யாரோ "அப்ப பேனர என்னா பண்றது ஐயா" என்று கேட்க, சிலர் சிரித்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. இறங்கும்போது முருகையன், "பொண்ணுக்காகச் சொன்ன சொல்ல மாத்திட்டீங்களே" என்றார். ஆம், மாற்றிவிட்டேன் என்றேன். வழக்கமாக வண்டியில் ஏற்றி வீடுவரை வந்து விடுபவர், நேற்று வணக்கம் மட்டும் சொன்னார். நானே மூன்றுசக்கரத் தானி ஒன்றைப் பிடித்து வந்தேன்.

வால்பாறை விடுதியில் இன்று காலை இரண்டு பெயர்களை மட்டும் பதிந்திருக்கிறேன், உன் பெயரும் என் பெயரும். மூட்டு வலியால் அம்மா வரவில்லை, இருவாச்சியின் படம் மட்டும் போதும் என்கிறாள். காட்டில் என் குரல் உயருமானால் என் சட்டையைப் பிடித்து இழு, நான் தவறாக எண்ண மாட்டேன். உடல்நலம் குன்றாமல், எடுத்த பணியில் தளராமல், நீ நெடிது வாழ வாழ்த்துகிறோம். பயணச்சீட்டை நீக்கிவிட்டாயா இல்லையா என்பதை மட்டும் மறவாமல் தெரிவி. ஒரு சொல் போதும் மகளே, நானும் நீண்ட மறுமொழி எழுத மாட்டேன்.

உன் வரவை நோக்கியிருக்கும் தந்தை,
அன்பழகன்